வாகனமும் ஒரு கடைதான்: அதற்கும் இருப்புக் கணக்கு எடுங்கள்

சில வாரங்களுக்கு முன்னர் எனது நண்பர் ஒருவர் கடை வாசலில் புது வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டதல்லவா? அந்த ஐந்து வருடமும் பழைய வேனோடு மல்லுக்கட்டிய வியாபாரிகளில் அவரும் ஒருவர். முகமெல்லாம் சந்தோசம். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஆசனங்களுக்குப் புது உறை, பெரிய திரை, பின்பக்கக் கமெரா, வாசனைக்கு அத்தர்ப் போத்தல், பிள்ளைகளுக்குத் தலையணை. ஒன்றும் குறையில்லை.

"எல்லாம் நல்லாயிருக்கு ஹாஜி. டோர்ச் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"போன்ல டோர்ச் இருக்குத்தானே" என்று சிரித்தார்.

"ஸ்பெயார் வீல்ல காத்து எவ்வளவு?"

அதற்கும் சிரித்தார். "புது வாகனம் மச்சான், அதெல்லாம் கொம்பனி பார்த்துத்தான் அனுப்பியிருப்பான்."

நான் மேலே ஒன்றும் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கடைக் காசாளர், தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார். அவருடைய நடையை நண்பர் ஆயிரம் தடவை கண்டிருப்பார். வலது காலைச் சற்று இழுத்து இழுத்து நடக்கும் நடை. ஆனால் அந்த நடை எப்படி வந்தது என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று நானாகவே சொன்னேன். அதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்த இரவு

2011 ஆம் ஆண்டு, நோன்பின் கடைசிப் பத்து. புடவைக் கடைக்காரனுக்கு வருடத்தின் மிகப் பெரிய பத்து நாட்கள் அவைதான். கொழும்பு இரண்டாம் குறுக்குத் தெருவில் பெருநாள் சரக்கு ஏற்றிக்கொண்டு எங்களுடைய டொல்பின் வேனில் கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும், சாரதியும், கடையில் உதவிக்கு நின்ற இருபத்திரண்டு வயதுப் பையனும். மாவனெல்லையில் நோன்பு திறந்தோம். கண்டியைத் தாண்டி, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய கடந்து, உடுதும்பறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் பின்பக்க டயர் வெடித்தது. நேரம் இரவு பதினொன்றரை இருக்கும்.

டயர் வெடிப்பது பெரிய விசயமில்லை. இருபது நிமிட வேலை. ஆனால் அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

டோர்ச் இருந்தது. அழுத்தினால் எரியவில்லை. உள்ளே பெட்டரி கசிந்து பச்சை பிடித்துக் கிடந்தது.

ஜெக் இருந்தது. ஆனால் அது இருந்த ஆசனத்தை மறைத்துச் சரக்கு அடுக்கியிருந்தோம். முப்பது கட்டுக்கு மேல் இருட்டில் வீதியோரத்தில் இறக்கி வைத்த பிறகுதான் கைக்கு வந்தது.

ஸ்பெயார் வீல் இருந்தது. வேனுக்கு அடியிலிருந்து கழற்றி எடுத்து, தரையில் போட்ட சத்தத்திலேயே சாரதிக்கு விளங்கிவிட்டது. "முதலாளி, இதுல காத்து இல்ல" என்றார். ஒரு மாதத்துக்கு முன்னர் பஞ்சரான டயரைக் கழற்றி ஸ்பெயாராகப் போட்டவர்கள், அதை ஒட்டிக்கொள்ள மறந்துவிட்டோம்.

அது கிறீஸ் பூதப் பீதி நாடு முழுக்கப் பரவியிருந்த காலம். இரவில் தெரியாதவன் கதவைத் தட்டினால் எந்த வீட்டிலும் திறக்கமாட்டார்கள். திறந்தாலும் பொல்லோடுதான் வருவார்கள். அதனால் வெளிச்சம் கேட்டோ உதவி கேட்டோ எங்கும் போக முடியவில்லை. வருகின்ற வாகனத்தை நிறுத்தித்தான் உதவி கேட்க வேண்டும். வளைவில் நிற்கிறோம் என்பதைக் காட்ட எங்களிடம் முக்கோணமும் இல்லை, பளபளக்கும் துணியும் இல்லை. அந்தப் பையன் தன் சின்ன போனிலிருந்த டோர்ச்சை எரியவிட்டுக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றான்.

வளைவைத் திரும்பிய லொறிக்காரர் அந்தப் பொட்டு வெளிச்சத்தைக் கண்டு பிரேக் போட்டார். அவரில் பிழையில்லை. அவர் வேகமாகவும் வரவில்லை. ஆனால் லொறி நிற்பதற்கு இடம் போதவில்லை. பையனை ஓரத்தில் தட்டிவிட்டுத்தான் நின்றது. காலில் இரண்டு எலும்புகள். அந்த லொறியிலேயே அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த மனிதர் விடியும் வரைக்கும் எங்களோடு இருந்தார்.

பெருநாளைக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போதுதான் சரக்குக் கடைக்கு வந்து சேர்ந்தது. நல்ல வியாபாரம் போய்விட்டது. அதை நான் நட்டக் கணக்கில் எழுதவில்லை. போன வியாபாரம் அடுத்த பெருநாளைக்கு வரும். அந்தக் கால் திரும்பி வரவில்லை. விதி என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். விதி விதிதான். ஆனால் அதே மாதத்தில் அந்த வேனுக்குப் புதுத் திரைச்சீலை தைக்க நான் கொடுத்த பணத்தில் எச்சரிக்கை முக்கோணங்கள் பல வாங்கியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதை விதியின் தலையில் போட முடியாது.

இருக்கிறது என்பது வேறு, கைக்கு வருவது வேறு

வியாபாரிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. புத்தகத்தில் பத்து டசின் இருப்பு என்று எழுதியிருக்கும். வாடிக்கையாளர் வந்து கேட்கும்போது தட்டில் ஒன்றுமே இருக்காது. அல்லது இருப்பதெல்லாம் எலி கடித்துக் கிடக்கும். அது இருப்பா? அந்த இரவு எங்களுடைய வேனில் டோர்ச், ஜெக், ஸ்பெயார் வீல் மூன்றும் புத்தகத்தில் இருந்தன. வேலைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

வாகனத்தில் என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ஒரு பட்டியல் சொல்வார்கள். நானும் கீழே சொல்கிறேன். ஆனால் பட்டியலை விட முக்கியமானவை இரண்டு கேள்விகள். அது இன்று வேலை செய்யுமா? வாகனம் நிறையச் சரக்கு இருக்கும்போது, இருட்டில், ஒரு நிமிடத்துக்குள் என் கைக்கு வருமா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத பொருள் வாகனத்தில் சும்மா பாரம்தான்.

முதலில், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும்

வாகனம் பழுதானால் நமக்கு முதலில் நினைவு வருவது டயர், இன்ஜின். முதலில் நினைக்க வேண்டியது பின்னால் வரும் வாகனத்தை.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் சுமார் 17 மீற்றர் ஓடும். சாரதி கண்டு, விளங்கி, கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை செக்கன் ஆகலாம். அதற்குள் 25 மீற்றர் போய்விடும். பிரேக் பிடித்த பின்னர் காய்ந்த வீதியில் இன்னும் 20 மீற்றர் வேண்டும். மொத்தம் 45 மீற்றர். மழையென்றால், பாரமேற்றிய லொறியென்றால் இன்னும் கூட.

ஆகவே பளபளக்கும் எச்சரிக்கை முக்கோணத்தை வாகனத்திலிருந்து குறைந்தது 50 மீற்றர் பின்னால் வைக்க வேண்டும். நடந்து போனால் சுமார் எழுபது எட்டு. வளைவில் நின்றுவிட்டால் எட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டாம். வளைவு தொடங்குவதற்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். வளைவுக்குள் வைத்த முக்கோணத்தைக் காண்கிறவர் உங்களையும் சேர்த்துத்தான் காண்பார். வைக்கப் போகும்போது முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வாகனங்களை எதிர்நோக்கி வீதியோரமாக நடங்கள். வைத்த பின்னர் அங்கே நிற்க வேண்டாம். ஆளை நிறுத்தாமல் பொருளை நிறுத்துவதற்காகத்தான் அது இருக்கிறது.

நம் ஊர்களில் மரக் கொப்பை ஒடித்து வீதியில் போடும் வழக்கம் இருக்கிறது. பகலில் ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை. இரவில் அது தெரியாது. கல்லை வைப்பவர்கள் போகும்போது அதை எடுப்பதுமில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அதுவே ஆபத்து.

முக்கோணத்தோடு பளபளக்கும் பட்டி வைத்த மேலங்கி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வீதி வேலை செய்பவர்கள் போடும் அதே அங்கிதான். டிக்கியில் போடாமல் ஆசனத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இறங்குவதற்கு முன்னரே போட்டுக்கொள்ள வேண்டியது அது.

டோர்ச் விசயத்தில், தலையில் மாட்டிக்கொள்ளும் வகை மிகவும் நல்லது. இரண்டு கையும் வேலைக்கு இருக்கும். பெட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள், அல்லது ஒரு பெட்டரியைத் தலைகீழாகப் போட்டு வையுங்கள். தெரியாமல் எரிந்து தீராது. கசிந்திருக்கிறதா என்பதை மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனை டோர்ச்சாகப் பாவிக்க வேண்டாம். அந்த நேரத்தில் போன் பேசுவதற்கு வேண்டும்.

டயர்

ஸ்பெயார் வீலுக்கு மற்ற நான்கு டயருக்கும் காற்றுப் பார்க்கும் அன்றே காற்றுப் பாருங்கள். பெற்றோல் ஷெட்டில் நாம் நான்கு டயரைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஐந்தாவதை எவரும் கேட்பதில்லை.

இன்னொரு விசயம், டயருக்கும் வயதுண்டு. ஓடாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஐந்தாறு வருடத்துக்குப் பின்னர் ஒவ்வொரு வருடமும் பரிசோதியுங்கள். பூ தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். புது டயர் என்று சொல்லித் தருபவரிடமும் இந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். துணி வாங்கும்போது முனையைத் தேய்த்துப் பார்க்கிறோமல்லவா, அதுபோலத்தான்.

ஜெக்கோடு ஒரு தடித்த பலகைத் துண்டு அவசியம். நம்முடைய வீதியோரங்கள் மணல் அல்லது சேறு. பலகை இல்லாமல் ஜெக் நிலத்துக்குள் போகுமே தவிர வாகனம் மேலே வராது. சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகள். ஸ்பெனரின் பிடியை நீட்டுவதற்கு ஒரு முழ நீளக் குழாய்த் துண்டு. கராஜில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டைக் கையால் கழற்ற அது உதவும்.

முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் வீட்டில் வாகனம் ஓடும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கை பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு அண்டை வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்று இளக்கிவிட்டுப் பிறகுதான் தூக்க வேண்டும். ஜெக்கில் நிற்கும் வாகனத்துக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் தலையோ கையோ போகக்கூடாது.

இப்போது வரும் சில வாகனங்களுக்கு ஸ்பெயார் வீலே இல்லை. அதற்குப் பதிலாக ஓட்டையை அடைக்கும் பசைப் போத்தலும் சிறிய காற்றுப் பம்பும் கொடுத்திருப்பார்கள். உங்கள் வாகனத்தில் எது இருக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள். பசைப் போத்தலுக்குக் காலாவதித் திகதி உண்டு. ஆணி குத்திய ஓட்டையை அது அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை.

பெட்டரி, தண்ணீர், பியூஸ்

நம் நாட்டு வெயிலில் வாகனப் பெட்டரி நீண்ட காலம் தாங்குவதில்லை. காலையில் ஸ்டார்ட் எடுக்கும் சத்தம் இழுபட ஆரம்பித்தால் அது தரும் அறிவித்தல்தான். கடன்காரர் ஒருவர் தவணை பிந்த ஆரம்பித்தால் நாம் எப்படிக் கவனமாவோமோ, அப்படிக் கவனமாக வேண்டும்.

மற்ற வாகனத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தடித்த வயர் ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய மலிவு வயர் சுடும், வேலை நடக்காது. போடும் ஒழுங்கு இதுதான். சிவப்பை முதலில் செத்த பெட்டரியின் கூட்டல் முனைக்கும், மறுமுனையை நல்ல பெட்டரியின் கூட்டலுக்கும். கறுப்பை நல்ல பெட்டரியின் கழித்தல் முனைக்கும், அதன் மறுமுனையை நின்றுபோன வாகனத்தின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதிக்கும். கடைசிப் பொறி பெட்டரிக்குப் பக்கத்தில் பறக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒழுங்கு. கழற்றும்போது தலைகீழாக வர வேண்டும். ஹைபிரிட் வாகனம் வைத்திருப்பவர்கள், வாகனத்தோடு வந்த கைநூலைப் பார்க்காமல் மற்றவருக்கு மின்சாரம் கொடுக்கப் போக வேண்டாம்.

ஐந்து லீற்றர்க் கேன் ஒன்றில் தண்ணீர் வையுங்கள். இன்ஜின் சூடேறினால், ஓரமாக நிறுத்தி, இன்ஜினை நிற்பாட்டி, அரை மணித்தியாலமாவது காத்திருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர்கள் முகத்திலும் கையிலும் வாங்கிய தழும்பை நான் கண்டிருக்கிறேன். உள்ளே இருப்பது அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர். மூடி இளகியதும் அது பாயும். வெறும் தண்ணீர் ஊற்றியது கராஜ் வரைக்கும் போவதற்குத்தான். பிறகு ஏன் குறைந்தது என்று பார்த்து, உரிய கூலன்ட் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பியூஸ் ஒரு சிறு பெட்டி. நிறத்தைப் பார்த்தாலே அளவு தெரியும். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்த நிறத்துக்கு அதே நிறம்தான் போட வேண்டும். சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடும் கெட்டித்தனம் நம்மவர்களிடம் உண்டு. எரிய வேண்டிய பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

பூட்டை ரிமோட்டில் திறக்கும் வாகனமென்றால், அந்தச் சாவிக்குள்ளே இருக்கும் சிறிய வட்டப் பெட்டரியில் ஒன்று மேலதிகமாக வைத்திருங்கள். பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள்ளே சாதாரணச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். அதை எப்படி எடுப்பது என்பதை வீட்டில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

உயிருக்கு

ஒரு கிலோ தூள் தீயணைப்பான் வேனில் இருக்க வேண்டும். சாரதி கைநீட்டினால் எட்டும் இடத்தில். சரக்குக்குப் பின்னால் இருந்தால், தீப்பிடித்த பின்னர் அதை எடுக்கப் போக முடியாது. ஊசி பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். மாதத்துக்கொருமுறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிவிடுங்கள். ஓடும் வாகனத்தின் அதிர்வில் உள்ளே தூள் அடியில் இறுகிவிடும்.

முதலுதவிப் பெட்டியில் மாத்திரைகளை நிறைக்காமல், பஞ்சு, சுத்தமான கட்டுத்துணி, பெரிய சுருள் பட்டி, ஒட்டும் பிளாஸ்டர், கத்தரிக்கோல், கையுறை என்பவற்றை நிறைய வையுங்கள். ஜீவனி இரண்டு பக்கட். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும். மாத்திரைகள் பழுதாகும். இன்சுலின் பாவிப்பவர்கள் ஒருபோதும் அதை வாகனத்தில் விட்டுப் போகாதீர்கள். நம்மில் சீனி வியாதிக்காரர் எத்தனை பேர்! குளுக்கோஸ் அல்லது சீனிப் பக்கட் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பாதை மறிபட்டு நேரத்துக்குச் சாப்பிட முடியாமல் போகும்போது அது உயிர் காக்கும்.

குடிதண்ணீரும் பிஸ்கட்டும் அதேபோலத்தான். 2025 நவம்பர் கடைசியில் வீசிய டித்வா புயலில் மலைநாட்டு வீதிகள் பல வெள்ளத்தாலும் மண்சரிவாலும் துண்டிக்கப்பட்டதை நாம் கண்டோம். கொழும்புக்கு ஒரு நாள் பயணம் என்று புறப்பட்டவர் இரண்டு மூன்று நாள் நடுவழியில் நிற்க வேண்டி வரலாம். ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு குடை, மெல்லிய போர்வை. இவை பாரமில்லை.

எங்களுடைய விபத்து நடந்த 2011 இல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இல்லை. அது 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதும் வந்தது. இலவசம். 1990, பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கு 110. இவற்றோடு வீட்டு இலக்கம், கடை இலக்கம், காப்புறுதிக் கொம்பனியின் இலக்கம், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரின் இலக்கம் எல்லாவற்றையும் ஒரு மட்டையில் பேனையால் எழுதி வையுங்கள். போன் செத்தால் அதற்குள் இருக்கும் இலக்கங்களும் சேர்ந்து சாகும். நம்மில் பலருக்கு மனைவியின் இலக்கமே மனப்பாடம் இல்லை.

தொழிலுக்கு

நான் வாகனத்தில் வைத்திருக்கும் தொழில் சாமான்கள் இவை. ஒரு பில் புத்தகம், கார்பன் தாள், இரண்டு பேனை, கல்குலேட்டர், அளவு நாடா, சாக்கு ஊசியும் நூலும், பத்துப் பாகக் கயிறு, கத்தி, ஒரு தறப்பாள், பெரிய பொலித்தீன் பைகள் சில. தறப்பாள் ஒன்று மழையில் சரக்கைக் காப்பாற்றிக் கொடுத்தால் அதன் விலை அன்றே வந்துவிடும். புடவைக் கட்டில் தண்ணீர் பட்டால் மேலே உள்ளது மட்டுமல்ல, சாயம் இறங்கி அடியில் உள்ளதும் போகும்.

சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியன கைவசம் இருக்க வேண்டும். அவற்றின் முடிவுத் திகதிகளைக் கடையில் செக் திகதி எழுதும் அதே டயரியில் எழுதி வையுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தின் அசலை வாகனத்தில் வைக்க வேண்டாம். வாகனத்தோடு அதுவும் களவு போனால் வேலை இரட்டிப்பாகும். பிரதி போதும்.

வைக்கக்கூடாதவை

பெற்றோல் கேனை முதலில் சொல்கிறேன். 2022 இல் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தில் இன்றும் சிலர் டிக்கியில் கேன் வைத்திருக்கிறார்கள். மூடிய வாகனத்துக்குள் வெயிலில் பெற்றோல் ஆவியானால் ஒரு பொறி போதும். கேனை இறக்கிவிட்டு, தாங்கி அரைவாசிக்குக் கீழே இறங்கும் முன்னர் நிரப்பும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகரட் லைட்டர், வாசனை ஸ்பிரே டின், போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் பவர் பேங்க் ஆகியவற்றை டேஷ்போர்ட் வெயிலில் விட்டுவிட்டு இறங்க வேண்டாம்.

அடுத்தது வியாபாரிகளுக்கே உரிய ஆபத்து. கையொப்பமிட்ட வெற்றுச் செக்குகள், வாடிக்கையாளர்கள் தந்த பின்திகதிச் செக்குகள், வசூல் பணம். "இந்தா வந்துவிடுகிறேன்" என்று இறங்கும் ஐந்து நிமிடம்தான் களவெடுப்பவனுக்கு வேண்டியது. இயந்திரத்தில் அடித்துத் தரும் பில்களும் அப்படியே. அந்தத் தாள் சூட்டுக்குக் கறுத்துவிடும். வரிக் கணக்குக்கு வேண்டிய பில் வருடக் கடைசியில் கறுப்புத் தாளாக இருக்கும். அன்றன்றே கடைக்குள் கொண்டுபோங்கள்.

ஒரு பெட்டி, ஒரு தாள், மாதம் ஒருநாள்

இவ்வளவையும் எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். மூடியுள்ள நடுத்தரப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். சரக்கு ஏற்றினாலும் மறைபடாத இடத்தில், பின்கதவைத் திறந்ததும் கைபடும் மூலையில் கயிற்றால் கட்டி வையுங்கள். கட்டாவிட்டால் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அதுவே பறந்து வந்து தலையில் அடிக்கும். முக்கோணம், டோர்ச், மேலங்கி, தீயணைப்பான் நான்கும் முன்பக்கம்.

பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி உள்ளே இருப்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒருநாளைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு, எரியவிட்டு, குலுக்கி, காற்றுப் பார்த்துச் சரியடையாளம் போடுங்கள். எடுத்துப் பாவித்தவர் திரும்ப வைக்கவில்லையென்றால் அன்றைக்குத் தெரிந்துவிடும். கால் மணித்தியால வேலை. ஒரே நாளில் எல்லாம் வாங்க முடியாவிட்டால் முக்கோணத்தையும் டோர்ச்சையும் முதலில் வாங்குங்கள். ஸ்பெயார் வீலுக்குக் காற்று அடிப்பதற்குப் பெரிய செலவில்லை. மற்றவை மாதம் ஒன்றாக வரட்டும்.

உங்களிடம் வேலை செய்யும் சாரதியும் பையனும் உங்களுடைய சரக்குக்காகத்தான் இரவில் அந்த வீதியில் போகிறார்கள். முதலாளி வீட்டில் தூங்கும் நேரம் அது. அவர்களுடைய கையில் என்ன கொடுத்து அனுப்புகிறோம் என்பதும் நம்முடைய கணக்கில்தான் வரும்.

என் நண்பர் தேநீரைக் குடித்துவிட்டுப் புது வேனின் பின்கதவைத் திறந்தார். ஸ்பெயார் வீல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் காசாளர்தான் காலை மடக்க முடியாமல் மடக்கி, குனிந்து, அடியில் தேடிக் காட்டினார். காற்றைப் பார்த்தோம். குறைவாகத்தான் இருந்தது.

அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "பெயரைப் போட வேணாம் முதலாளி, விசயத்தை எழுதுங்க" என்றார். எங்கள் கடையில் மூன்று வாகனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் அந்தத் தாளில் சரியடையாளம் போடுகிறவர் அவர்தான். அந்த வேலையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பொல்லூன்றி நடக்க ஆரம்பித்த முதல் மாதமே அவராக எடுத்துக்கொண்டது.

இந்த வாரம் உங்களுடைய வாகனத்தின் பின்கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.